எண்ணூர் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்ப்பு: கட்டுப் போடுவதா, காற்றாட விடுவதா?

தேரடிப் பெண்
வணக்கம். இன்று காலை என் தம்பி எண்ணூர் விரைவுச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் போகும்போது எர்ணாவூர் பக்கம் சறுக்கி விழுந்துவிட்டான். லாரியிலிருந்து சிந்திய ஜல்லியும் மணலும் ஓரத்தில் கிடந்திருக்கிறது, கண்டெய்னர் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது முன்சக்கரம் வழுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். இடது முழங்கை, இடுப்பு, தொடையின் வெளிப்பக்கம் எல்லாம் தோல் உரிந்து சிவப்பாக இருக்கிறது, ரத்தம் கசிவது நின்றுவிட்டது. ஆனால் புண்ணுக்குள் கருப்பாகப் பொடி ஒட்டியிருக்கிறது. அம்மா மஞ்சள் குழைத்து வைத்திருக்கிறார். எதிர்வீட்டு அண்ணன் “ஒன்றும் போடாதே, காற்றாட விடு, பொருக்கு கட்டினால் ஆறிவிடும்” என்கிறார். என்ன செய்வது? பையனுக்கு 19 வயது.

மணலி மிதிவண்டி
தங்கச்சி, தோலைப் பிறகு பார்க்கலாம். முதலில் மற்றதைப் பாருங்கள். கழுத்துப்பட்டை எலும்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள், சைக்கிளிலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் உடைவது அதுதான். கையை ஊன்றி விழுந்திருந்தால் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே நன்றாக வலித்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், வெறும் சுளுக்கு என்று விடக்கூடாது. ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியதா என்று கேளுங்கள். குத்தியிருந்தால் வெளியில் சின்னக் கன்றல்தான் தெரியும், உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ அடிபட்டிருக்கலாம். வாந்தி, தூக்கக் கலக்கம், குழறிய பேச்சு, வயிற்றுவலி, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஹெல்மெட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே தெர்மோகோல் மாதிரி இருக்கும் பகுதியில் கீறல் விட்டிருந்தால் தலை தரையில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

தேரடிப் பெண்
எலும்பு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டோம் அண்ணா, வலி இல்லை. ஹெல்மெட்டில் கீறல் இல்லை. நன்றாகப் பேசுகிறான், இட்லி சாப்பிட்டான். சிராய்ப்புதான்.

பழைய வண்ணை
அம்மா சொல்வதைக் கேளுங்கள் மகளே. மஞ்சள் கிருமிநாசினி. எங்கள் காலத்தில் வீதியில் விழுந்தால் மஞ்சள், காபித்தூள், அதுவும் இல்லையென்றால் டிஞ்சர். இரண்டு நாள் கழித்து மத்தன் தைலம் என்ற சித்த மருந்தைப் போட்டால் போதும். இப்போது எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி.

வார்டு சிஸ்டர்
வடசென்னையில் பல வருடமாக டிரெஸ்ஸிங் அறையில் வேலை பார்க்கிறேன். தேரடிப் பெண், நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான சேதி அந்தக் கருப்புப் பொடிதான். அதன் மேல் எதையும் பூசாதீர்கள். மஞ்சளும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம், களிம்பு கூட இப்போது வேண்டாம். முதலில் அது வெளியே வர வேண்டும்.

எண்ணூர், மணலி சாலையில் விழுந்தவர்களின் புண்ணில் தார்த் துகள், டயர்த் தூள், நிலக்கரித் தூள் எல்லாம் கலந்து இருக்கும். அது உள்ளேயே இருக்கும்போது மேல்தோல் மூடிக்கொண்டால் பச்சை குத்தியது மாதிரி நீலக் கருப்பாக அங்கேயே தங்கிவிடும். பிறகு லேசர் வைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்போதும் முழுவதும் போகாது. முதல் நாளில் எடுத்தால் தண்ணீரும் காஸ் துணியும் (கட்டுப் போடும் மெல்லிய வலைத் துணி) போதும். கிருமி தங்குவதும் அந்த அழுக்கில்தான். புண்ணை நன்றாகக் கழுவுவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை.

பெரியவர் மன்னிக்கவும். சமையலறை மஞ்சள்தூள் சுத்தப்படுத்தியது கிடையாது, கிருமியின் வித்துகள் அதிலேயே இருக்கும். காபித்தூளும் அப்படித்தான். இன்னொரு சிக்கல், பூசியபின் புண்ணின் நிறமே தெரியாது, மருத்துவர் பார்ப்பதற்கு எல்லாவற்றையும் மறுபடி சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வலியில் பிள்ளைகள் அழுவதைப் பார்த்துக்கொண்டே எடுப்பவள் நான்.

தேரடிப் பெண்
சரி அக்கா, மஞ்சளை எடுத்து வைத்துவிட்டேன். எந்தத் தண்ணீரில் கழுவுவது? எங்கள் அடி பம்புத் தண்ணீர் மஞ்சளாக வரும். டெட்டால் கலக்கலாமா? தொட்டாலே கத்துகிறான்.

வார்டு சிஸ்டர்
குடிக்கிற தண்ணீர் எதுவோ அதுவே போதும். அடி பம்பு வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். சலைன் என்ற கிருமி நீக்கிய உப்புநீர்தான் வேண்டும் என்றில்லை. நல்ல குழாய்த் தண்ணீரில் கழுவிய புண்ணுக்கும் சலைனில் கழுவிய புண்ணுக்கும் தொற்று வருவதில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. மருந்துக் கடையில் என்.எஸ். என்கிற அந்தச் சலைன் பாட்டில் கிடைத்தால் எரிச்சல் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

கழுவுவதற்கு அரைமணி நேரம் முன்பு ஒரு பாரசிட்டமால் கொடுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பிறகு அவனைக் குளியலறையில் உட்காரவைத்து, காலி வாட்டர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். சும்மா ஊற்றினால் மேலோடு ஓடிவிடும், பீய்ச்சினால்தான் பொடி கிளம்பும். ஒரு பாட்டிலோடு நிறுத்தாதீர்கள். நிறையத் தண்ணீர் போக வேண்டும். அப்புறம் காஸ் துணியை நனைத்து, மிதமான சோப்பு நுரையில், ஒரே பக்கமாக மெதுவாகத் தேயுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் நூல் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டிருக்கும் ஜல்லித் துணுக்கைக் கொதிக்கவைத்து ஆறிய பிளக்கரால் எடுக்கலாம். லேசாக ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம்.

டெட்டால், ஸ்பிரிட், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, எதுவும் புண்ணுக்குள் போகக்கூடாது. கிருமியைக் கொல்வதோடு புதிதாக முளைக்கிற தோல் செல்லையும் கொல்லும். பெட்டாடின் வேண்டுமானால் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் தடவிக்கொள்ளுங்கள்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். கால்மணி நேரம் கழுவியும் கருப்பு போகவில்லை, அவனால் தாங்க முடியவில்லை என்றால் வீட்டில் போராட வேண்டாம். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மரத்துப்போகும் மருந்து போட்டுவிட்டு எடுப்பார்கள். முகம், மூட்டுக்கு மேல் ஆழமான புண், உள்ளே வெள்ளையாகக் கொழுப்பு தெரிவது, அவன் உள்ளங்கையை விடப் பல மடங்கு பரப்பில் உரிந்திருப்பது, இவற்றுக்கும் அப்படியே.

வியாசை ஃபார்வர்டு
நான் வியாசர்பாடியில் பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் மைதானம் மண்ணும் சின்னக் கல்லும்தான், வாரம் தவறாமல் யாராவது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவான். கழுவுவது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மூடி வைத்தால் வியர்வையில் ஊறிப் புழுங்கிச் சீழ் வைக்காதா? சென்னை வெயிலுக்குக் காற்றாட விடுவதுதானே நல்லது? காய்ந்து பொருக்கு கட்டினால் இயற்கையே கட்டுப் போட்ட மாதிரி.

வார்டு சிஸ்டர்
கோச் சார், இந்த ஒரு நம்பிக்கையை மாற்ற நான் தினமும் பேசுகிறேன், இங்கேயும் பேசுகிறேன்.

1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றியின் தோலில் மேலோட்டமான புண்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார், சிலவற்றைக் காற்றில் விட்டார். மூடி ஈரமாக இருந்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வந்தது. இன்றைக்குப் புண் பராமரிப்பு என்று நாங்கள் படிப்பதெல்லாம் அதிலிருந்து வளர்ந்ததுதான். காரணம் எளிது. புதுத்தோல் செல்கள் ஓரத்திலிருந்தும் முடிக்கால்களிலிருந்தும் நகர்ந்து வந்து புண்ணை மூட வேண்டும். ஈரமான பரப்பில் அவை சுலபமாக நகரும். மேலே காய்ந்து பொருக்கு கட்டிவிட்டால், அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். புதுச் சிமென்ட் பூச்சுக்குக் கொத்தனார் ஏன் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கிறார்? சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். முழங்காலில் கட்டிய பொருக்கும் மடக்கும்போதெல்லாம் வெடிக்கும், உங்கள் பசங்களிடமே பார்த்திருப்பீர்கள்.

வியர்வை பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நனைந்த கட்டை அப்படியே விட்டால் சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போகும். அதற்கு வழி, தினமும் மாற்றுவது. நனைந்தால் உடனே மாற்றுவது. மூடாமல் விடுவது அதற்குத் தீர்வாகாது.

வியாசை ஃபார்வர்டு
பொருக்கு வெடிப்பது உண்மை சிஸ்டர். ஒரு பையனுக்கு முழங்கால் ஆறவே ஆறாமல் சீசன் முழுக்க ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சரி, எதை வைத்து மூடுவது? வெறும் காஸ் போட்டால் மறுநாள் பிரிக்கும்போது தோலோடு வருகிறதே. அந்தப் பயத்தில்தான் பசங்கள் கட்டே வேண்டாம் என்கிறார்கள்.

மணலி மிதிவண்டி
வெறும் காஸ் போடவே கூடாது கோச். மருந்துக் கடையில் பாரஃபின் காஸ் என்று கேளுங்கள், டப்பாவில் சதுரம் சதுரமாக வலை மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். ஜெலோனெட், பாக்டிகிராஸ் என்றால் புரிந்துகொள்வார்கள். புண்ணில் மெல்லியதாக வாஸ்லின் தடவி, அதன் மேல் இந்த வலை, அதன் மேல் கனமான காஸ், கடைசியாகச் சுற்றுத் துணி. அவ்வளவுதான். பிரிக்கும்போது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீரோ சலைனோ ஊற்றி ஊறவிட்டால் தானாக நழுவி வரும்.

இடுப்பில் கட்டு நிற்காது. சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. குழாய் மாதிரி நீளும் வலைக் கட்டுத் துணி வாங்கித் தொடையிலிருந்து ஏற்றிவிட்டால் நிற்கும். பழைய சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்றைக் கட்டின் மேல் போட்டாலும் சரி. ராத்திரி போர்வையில் ஒட்டிக்கொண்டு காலையில் பிய்ந்து வரும் கொடுமையும் இதில் தீரும். முழங்கையை லேசாக மடக்கி வைத்துக் கட்டுங்கள். நீட்டி வைத்துக் கட்டினால் மடக்கியதும் கட்டு இறுகும்.

டெகாடெர்ம் மாதிரி ஒளிபுகும் படலம், கசிவை உறிஞ்சி ஜெல்லாகும் ஹைட்ரோகலாய்டு பட்டை, இவை விலை கூட, ஆனால் சில நாள் மாற்றாமல் விடலாம். புண் சுத்தமாக இருந்தால் மட்டும் போட வேண்டும். அழுக்கை உள்ளே வைத்து ஒட்டினால் வினைதான்.

பழைய வண்ணை
சிஸ்டர் சொல்வதில் நியாயம் தெரிகிறது. மஞ்சளை விட்டுவிடுகிறேன். ஆனால் மத்தன் தைலத்தை லேசாகச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரைப் புண் ஆறாமல் கிடந்தபோது அரசு சித்த மருத்துவர்தான் எழுதிக் கொடுத்தார், ஆறியது.

வார்டு சிஸ்டர்
அம்மா, லேசாகச் சொல்லவே மாட்டேன். ஆறாத பழைய புண்ணுக்குச் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பது வேறு. அதில் ஊமத்தை இலைச் சாறும் மயில்துத்தம் என்ற செப்பு உப்பும் சேர்கிறது, துத்தம் புண்ணில் சேர்ந்த அழுகலை அரிக்கும். இந்தப் பையனின் புண்ணில் அழுகல் எதுவும் இல்லை, பச்சைத் தோல்தான் இருக்கிறது. அதில் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அதேபோல நியோஸ்போரின் பவுடரும் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி அதுவே அழுக்காகிவிடும். அதில் உள்ள நியோமைசின் சிலருக்கு ஒவ்வாமை தந்து சுற்றிலும் அரித்துக் கொப்புளிக்கும். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பும் சாதாரணச் சிராய்ப்புக்குத் தேவையில்லை. நன்றாகக் கழுவிய சிராய்ப்புக்கு வாஸ்லின் போதும். ஆன்டிபயாடிக் மாத்திரையும் யாரும் எழுதித் தராமல் வாங்கிப் போட வேண்டாம்.

தேரடிப் பெண்
கழுவிவிட்டோம் அக்கா! அப்பா பிடித்துக்கொண்டார், நான் பீய்ச்சினேன். தொடையில் இருந்த கருப்பு முழுக்கப் போய்விட்டது, முழங்கையில் இரண்டு புள்ளி மட்டும் வரவில்லை. டெட்டனஸ் வராமல் இருக்க டி.டி. ஊசி போட வேண்டுமா? பத்தாவது முடித்தபின் பள்ளியில் ஒன்று போட்டார்கள்.

வார்டு சிஸ்டர்
நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தங்கம். அந்த இரண்டு புள்ளிக்கு இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம்.

தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி உண்டு. சின்ன வயதுத் தடுப்பூசிகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டவர் என்றால், மண்பட்ட அழுக்குப் புண்ணுக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருடம் வரை தேவையில்லை. உங்கள் தம்பிக்கு 16-இல் போட்டிருந்தால் இப்போது வேண்டியதில்லை. அட்டையைத் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அட்டை இல்லை, நினைவும் இல்லை என்றால் போட்டுக்கொள்வதுதான் சரி. இப்போது டி.டி. என்று கேட்டாலும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசியைத்தான் அரசு நிலையங்களில் போடுகிறார்கள், பெயர் மாறியிருக்கிறது என்று குழம்ப வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சின்ன வயதில் ஒன்றுமே போடாத பெரியவர்கள் விழுந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம்.

பழைய வண்ணை
ஊசி விஷயத்தில் நான் சிஸ்டர் கட்சி. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டவர்களை வெளிச்சம் படாத அறையில் வைத்திருப்பார்கள், சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளையும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாய்மார்களே, பிள்ளைகளின் அட்டையைத் தொலைக்காதீர்கள்.

காசிமேடு வலை
எங்கள் பக்கம் புண் என்றால் மீன், கருவாடு, முட்டை எதுவும் தர மாட்டார்கள், சீழ் பிடிக்கும் என்பார்கள். உப்புத் தண்ணீர் நல்லது என்று கடலில் இறங்கிக் குளிக்கவும் சொல்வார்கள். இரண்டும் சரியா?

வார்டு சிஸ்டர்
இரண்டும் தலைகீழ் அண்ணா. தோல் முளைக்கப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் விலக்கட்டும். பத்தியம் என்று ரசம் சோறு மட்டும் போட்டுப் பிள்ளையை வாட்டாதீர்கள்.

கடலில் இறங்கவே கூடாது. சூடான கடல்நீரிலும் முகத்துவாரத்திலும் விப்ரியோ என்ற கிருமி உண்டு, திறந்த புண் வழியாகப் போனால் ஒரே நாளில் கால் வீங்கிக் கொப்புளிக்கும். ஈரல் நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அந்தத் தண்ணீர் மருந்தாகாது. கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் புண் மூடும் வரை கரைவேலை பாருங்கள், முடியாது என்றால் நீர் புகாத ஒட்டுக்கட்டாவது போட்டுக்கொண்டு போங்கள்.

தேரடிப் பெண்
நேற்று மருத்துவமனையில் மரத்துப்போகும் ஜெல் போட்டு அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். இன்று கட்டைப் பிரித்தால் தொடைப் புண்ணில் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒரு படலம். சீழா? எனக்குக் கை நடுங்குகிறது.

வார்டு சிஸ்டர்
நடுங்க வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள். சுற்றியுள்ள சிவப்பு நேற்றை விடப் பரவியிருக்கிறதா? பேனாவால் அந்தச் சிவப்பின் ஓரத்தைக் கோடு போட்டு வைத்தால் நாளைக்குத் தெரிந்துவிடும். தொட்டால் சூடாக, நேற்றை விட அதிகமாக வலிக்கிறதா? கெட்ட நாற்றம் வருகிறதா? இது எதுவும் இல்லாமல் மெல்லிய மஞ்சள் படலம் மட்டும் என்றால் அது உடம்பே சுரக்கும் நிணநீரும் புரதமும். ஈரக் கட்டில் அது வரத்தான் செய்யும். நீர் ஊற்றிக் கழுவுங்கள், போகிற அளவு போகட்டும், சுரண்டாதீர்கள். ஹைட்ரோகலாய்டு பட்டை ஒட்டியவர்களுக்கு இதைவிடக் கெட்டியாகத் தெரியும், ஒரு மாதிரி வாடையும் வரும். கழுவியபின் அந்த வாடை போய்விட்டால் கவலையில்லை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, இதில் எது வந்தாலும் அன்றே போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதுவரை கூடக் காத்திருக்க வேண்டாம், காலில் சிராய்ப்பு என்றாலே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தேரடிப் பெண்
சிவப்பு பரவவில்லை, நாற்றமும் இல்லை. கோடு போட்டு வைத்துவிட்டேன். நன்றி அக்கா.

மணலி மிதிவண்டி
வேறு யாராவது படித்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையே என்று தயங்கி யாரையும் ரோட்டில் உட்காரவைக்காதீர்கள். கை நரம்பு, தசைநாண் அறுந்த மாதிரி இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போங்கள். கை அறுவைக்கும் ஒட்டறுவைக்கும் அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

காலையில் பழவேற்காடு வரை ஓட்டுகிற தம்பிகள் முழு விரல் கையுறை போடுங்கள். விழும்போது கைதான் முதலில் தரையைத் தொடும். உள்ளங்கை உரிந்துவிட்டால் சாப்பிடவும் முடியாது, கழுவவும் முடியாது.

வியாசை ஃபார்வர்டு
பசங்களுக்காக மைதானத்துப் பையில் இரண்டு என்.எஸ். பாட்டில், பாரஃபின் காஸ், வலைக் கட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஒரு கேள்வி சிஸ்டர், புண் ஆறினபின் அந்த இடம் கருத்துப் போகிறதே, அதற்கு என்ன செய்வது? பெண் பிள்ளைகளும் ஆட வருகிறார்கள், அவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்
பிள்ளைகள் கேட்பது நல்ல கேள்வி. நம் நிறத் தோலில் ஆறின இடம் கருப்பது இயல்பு, பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாக மங்கும். வெயில் பட்டால் அது மங்காமல் தங்கிவிடும். அதனால் புதுத்தோல் முழுவதும் மூடி, கசிவு நின்றபின் சில மாதம் முழுக்கைச் சட்டையோ முழங்கால் உறையோ போட்டு ஆடட்டும், அல்லது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவட்டும். திறந்த புண்ணில் சன்ஸ்கிரீன் கூடாது. தோல் வறண்டு அரிக்கும், அப்போது தேங்காய் எண்ணெய் தடவலாம், சொறியக்கூடாது. சீக்கிரம் வெளுக்கும் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், தோல் மெலிந்து இன்னும் கெடும். தடித்து மேடாக வளர ஆரம்பித்தால் மட்டும் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.